மொபைல் சூட் கன்டம் (1979): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைல் சூட் கன்டம் என்பது என்ன?

1979 ஏப்ரல் 7 அன்று தொடங்கி 1980 ஜனவரி 26 அன்று முடிந்த, 43 எபிசோடுகள் கொண்ட ஜப்பானிய அனிமே தொடர் இது. நகோயா தொலைக்காட்சி இதைச் சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணிக்கு ஒளிபரப்பியது. நிப்பான் சன்ரைஸ் நிறுவனம் தயாரிக்க, யோஷியூகி தோமினோ இயக்கினார். மனிதர்களை யோஷிகாசு யாசுஹிகோவும் இயந்திரங்களைக் குனியோ ஓகவாராவும் வடிவமைத்தார்கள். பின்னாளில் இந்தப் பெயரில் எத்தனையோ தொடர்களும் படங்களும் வந்துவிட்டபடியால், இங்கே கன்டம் என்று வரும் இடத்திலெல்லாம் அந்த முதல் தொடரைத்தான் குறிப்பிடுகிறேன்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

ஜப்பானியர் கன்டமு என்கிறார்கள். கங்கை என்று சொல்லும்போது முதலெழுத்து ஒலிப்பதைப் போல இந்தக் ககரத்தை ஒலிக்க வேண்டும்.

கதை எங்கே, எப்போது நடக்கிறது?

பூமியில் இடம் போதாமல், பெருகிய மக்களை விண்வெளிக்கு அனுப்பத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்ட ஒரு காலத்தில் நடக்கிறது. அந்தக் காலக் கணக்குக்கு விண்வெளிச் சகாப்தம் என்று பெயர். கதை நடக்கும் ஆண்டு 0079. பூமியைச் சுற்றிலும் உருளை வடிவில் மிதக்கும் பெரிய குடியிருப்புகளில் மக்கள் பிறந்து, பிள்ளை பெற்று, இறந்துபோகிறார்கள். இவற்றைக் காலனிகள் என்றும், பல காலனிகள் சேர்ந்த தொகுப்பைச் சைட் என்றும் அழைக்கிறார்கள். மொத்தம் ஏழு சைட்டுகள். பூமிக்கு மிகத் தொலைவில், நிலவுக்கு அப்பால் இருக்கும் சைட் 3 தன்னை ஜியோன் சிற்றரசு என்று அறிவித்துக்கொண்டு, பூமியை ஆளும் கூட்டமைப்பின் மீது விடுதலைப் போர் தொடுக்கிறது. நாயகன் வாழும் சைட் 7 இன்னும் கட்டி முடிக்கப்படாத ஒன்று. சைட் 6 யார் பக்கமும் சேராமல் நடுநிலை காக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை கதை தொடங்கும் முன்பே அழிந்துவிட்டன.

இது நாடுகளுக்கு இடையிலான போரா, நகரங்களுக்கு இடையிலான போரா?

இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியில் தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். ஜியோனுக்குக் கொடி, அரச குடும்பம், படை, வணக்க முழக்கம் எல்லாம் இருந்தாலும் அது ஒரு நகர அரசுதான். அதற்கு மலை அரணோ ஆற்று எல்லையோ கிடையாது. பின்வாங்கி ஒளிந்துகொள்ளக் காடும் கிடையாது. குடிமக்கள் மூச்சுவிடும் காற்று முதல் குடிக்கும் தண்ணீர் வரை எல்லாமே மனிதர் கட்டிய ஒரு சுவருக்குள் அடைபட்டிருக்கின்றன. சுவரில் ஓட்டை விழுந்தால் ஊர் இல்லை. பழைய கிரேக்க நகர அரசுகளைப் போலவோ இத்தாலிய நகர அரசுகளைப் போலவோ இவையும் ஒன்றை ஒன்று சந்தேகித்தும் கூட்டுச் சேர்ந்தும் விலைபேசியும் பிழைக்கின்றன. ஆனால் கோட்டைச் சுவர் இடிந்தாலும் ஏதென்ஸ் மக்கள் வயல்வெளிக்கு ஓடித் தப்பலாம், இந்த நகரத்து மக்களுக்கு ஓடுவதற்கு வெளி என்று ஒன்று இல்லை. ரோபோக்கள் மோதிக்கொள்ளும் தொடராக இதைப் பார்க்கத் தொடங்கிய நான், இரண்டாம் முறை பார்த்தபோது சுவர்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

முதல் எபிசோடே இதைச் சொல்லிவிடுகிறது. ஆள் ஏறி ஓட்டும் ராட்சத ரோபோக்களான ஜியோனின் மூன்று ஸாக்கு இயந்திரங்கள் சைட் 7 காலனிக்குள் வேவு பார்க்க நுழைகின்றன. அவற்றை ஓட்டுபவர்களில் ஒருவன் ஆணைக்குக் காத்திராமல் சுடத் தொடங்கிவிடுகிறான். பதினைந்து வயது அமுரோ ரே, தன் தந்தை உருவாக்கிய கன்டம் என்னும் புதிய இயந்திரத்தில் ஏறி, கையேட்டைப் புரட்டியபடியே அதை எழுப்பி நிறுத்துகிறான். முதல் ஸாக்குவை அவன் ஒளிவாளால் பிளந்ததும் அதன் அணு உலை வெடிக்கிறது. வெடித்த வேகத்தில் காலனியின் சுவரே பிய்ந்துபோக, அந்த ஓட்டை வழியாக அவனுடைய தந்தை விண்வெளிக்குள் இழுத்து வீசப்படுகிறார். இரண்டாவது ஸாக்கு பாய்ந்து வரும்போது அமுரோவுக்கு இருக்கும் கவலை வெல்வது எப்படி என்பது மட்டுமல்ல, உலை வெடிக்காமல் வெல்வது எப்படி என்பதும்தான். ஓட்டுநர் அறையை மட்டும் குறிபார்த்து வாளைச் செருகுகிறான். இயந்திரம் சேதமில்லாமல் நிற்க, உள்ளே இருந்த மனிதன் மட்டும் சாகிறான். ஊரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆளைக் குறிவைத்துக் கொல்ல வேண்டும் என்பதை, தொடரின் முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு சிறுவன் கற்றுக்கொள்கிறான்.

இந்த உருளை நகரங்கள் வெறும் கற்பனையா, அறிவியல் அடிப்படை உண்டா?

அடிப்படை உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல், 1974-இல் ஓர் இயற்பியல் இதழில் எழுதிய கட்டுரையிலும் 1976-இல் வெளியிட்ட நூலிலும் இத்தகைய குடியிருப்புகளை விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார். பூமி, நிலவு ஆகிய இரண்டின் ஈர்ப்பும் சுற்றுவிசையும் சமன்படும் லக்ராஞ்சு புள்ளிகளில் அவற்றை நிறுத்தலாம் என்பது அவர் திட்டம். கன்டத்தின் சைட்டுகளும் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கின்றன.

ஒரு காலனி என்பது ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டமும் முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட உருளை. உட்புறச் சுவர் நீளவாக்கில் ஆறு பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மூன்று பட்டைகள் நிலம், இடையிடையே மூன்று பட்டைகள் கண்ணாடிச் சாளரம். வெளியே விரிந்து நிற்கும் பெரிய ஆடிகள் கதிரவன் ஒளியைச் சாளரங்களின் வழியே உள்ளே திருப்புகின்றன. ஆடியைச் சாய்த்தால் அந்தி, மூடினால் இரவு. உருளை தன்னைத்தானே சுற்றும்போது சுவரில் நிற்பவரின் கால்கள் தரையில் அழுந்துகின்றன. இந்த அளவுள்ள உருளை ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை சுற்றினால் பூமியில் இருப்பதைப் போன்ற எடை உண்டாகும் என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேகத்துக்கு அப்பால் எதிர்ச்சுவரில் இருக்கும் ஊரின் கூரைகள் தலைகீழாகத் தெரியும். நாடகத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு கூண்டைக் கட்டாமல், இயற்பியல் இடம் கொடுக்கும் ஒரு கூண்டை எடுத்துக்கொண்டு அதற்குள் நாடகத்தைத் தேடினார்கள்.

போர் ஏன் மூண்டது?

பூமியில் தங்கிவிட்டவர்கள் ஆள, விண்வெளிக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆளப்பட்டார்கள் என்பது சுருக்கமான விடை. சைட் 3-இல் ஜியோன் ஸும் டைக்கன் என்ற சிந்தனையாளர், விண்வெளியில் பிறந்தவர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் உரிமை உண்டு என்றும், புதிய சூழலில் மனித இனமே ஒரு புதிய நிலையை எட்டும் என்றும் போதித்தார். அவர் இறந்தபின் ஆட்சி அவருடைய தோழர் டெகின் ஸாபியின் கைக்குப் போகிறது. குடியரசு என்ற பெயர் மறைந்து சிற்றரசு ஆகிறது. டெகினின் பிள்ளைகளான கிரென், டோஸில், கிஷிரியா, கார்மா ஆகியோர் படையையும் ஆட்சியையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். டைக்கனின் பெயர் மட்டும் நாட்டின் பெயராக எஞ்சுகிறது. நியாயமான ஒரு கோரிக்கையை ஒரு குடும்பம் தன் சொத்தாக எழுதி வாங்கிக்கொண்ட கதை என்று இதைச் சொல்லலாம்.

போரின் தொடக்கத்தில் அப்படி என்னதான் நடந்தது?

ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் வரும் முன்னுரை அதைச் சொல்கிறது: ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் இரு தரப்பும் சேர்ந்து மொத்த மக்கள்தொகையில் பாதிப் பேரைக் கொன்றுவிட்டன. அந்தக் குரல் ஒலிக்கும்போது திரையில் ஒரு காலனி தன் சுற்றுப்பாதையை விட்டு நழுவி, பூமியின் ஒரு நகரத்தின் மீது விழுகிறது. பிற்காலக் குறிப்புகளின்படி, கூட்டமைப்பின் தென்னமெரிக்கத் தலைமையகமான ஜாபுரோவைக் குறிவைத்து ஜியோன் தள்ளிவிட்ட அந்த உருளை உடைந்து, அதன் பெரும் துண்டு சிட்னியின் மேல் விழுந்தது. ஒரு நகரத்தைக் கொன்று, அந்தப் பிணத்தையே எறிகல்லாக்கி இன்னொரு நகரத்தைக் கொல்வது. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில், வாரந்தோறும், பாட்டு முடிந்த கையோடு இதைக் காட்டினார்கள்.

அணு ஆயுதம், நச்சுப் புகை, காலனி வீழ்த்தல் ஆகியவற்றைத் தடைசெய்யும் அண்டார்டிக் உடன்படிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட்டபின், எட்டு மாதம் போர் தேங்கிக் கிடக்கிறது. கதை தொடங்குவது அந்தத் தேக்கத்தில்தான்.

இவ்வளவு வளர்ந்த காலத்தில் ஏவுகணையால் தாக்காமல், ராட்சத ரோபோக்களில் ஏறிக் கைகலப்பது ஏன்?

மினோவ்ஸ்கி துகள் என்ற கற்பனைப் பொருள் அதற்குக் காரணம். அதைத் தூவிவிட்டால் ரேடார் குருடாகும், வானொலி செவிடாகும், தொலைவிலிருந்து வழிநடத்தும் ஆயுதம் வழி தவறும். ஆகவே போர் மீண்டும் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு வந்துவிடுகிறது. முதலில் இதைப் புரிந்துகொண்ட ஜியோன், பதினேழு மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஸாக்கு இயந்திரங்களைக் கட்டி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய எதிரியின் கப்பற்படையைச் சிதறடிக்கிறது. பதினெட்டு மீட்டர் உயரமுள்ள கன்டம், கூட்டமைப்பு தாமதமாகக் கண்டுபிடித்த பதில்.

இதில் முக்கியமானது துகளைவிட அது கொண்டுவந்த மனநிலை. அதற்கு முன் வந்த ரோபோத் தொடர்களில் உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் வீர இயந்திரம், வாரம் ஓர் அரக்கனை அழிக்கும். இங்கே ஸாக்கு, கன்டம் போன்ற இயந்திரங்களின் பொதுப்பெயரான மொபைல் சூட் என்பது டாங்கியைப் போன்ற ஒரு படைக்கலம். அது தொழிற்சாலையில் வரிசையாகத் தயாராகிறது, தோட்டா தீர்ந்துபோகிறது, உதிரிப் பாகத்துக்குக் காத்துக் கிடக்கிறது. எண்ணெய்க்கும் உப்புக்கும்கூட எபிசோடுகளில் இடம் இருக்கிறது. அமுரோ பயணிக்கும் கூட்டமைப்பின் ஒயிட் பேஸ் கப்பலில் உப்புத் தீர்ந்துவிட்டது என்று சமையல்காரர் முறையிடுவதிலிருந்து ஒரு முழு எபிசோடு பிறக்கிறது.

ஜியோன் நாஜிகளைக் குறிக்கிறதா? யார் பக்கம் நியாயம் இருக்கிறது?

தோற்றத்திலும் முழக்கத்திலும் சாயல் தெளிவாகவே இருக்கிறது. தந்தை டெகினே தன் மூத்த மகன் கிரெனைப் பார்த்து, ஹிட்லரை உனக்குத் தெரியுமா என்று கேட்டு, நீ அந்த ஹிட்லரின் வால் என்று சொல்லும் காட்சி உண்டு. 12-ஆம் எபிசோடில் தம்பி கார்மாவின் இறுதிச் சடங்கில் கிரென் ஆற்றும் உரையைக் கவனமாகக் கேட்க வேண்டும். கூட்டமைப்போடு ஒப்பிட்டால் நம் வலிமை முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு என்று ஒப்புக்கொண்டு தொடங்கி, அப்படியிருந்தும் நாம் நிலைத்து நிற்பது நம் போர் நியாயமானது என்பதால்தான் என்று திருப்பி, இறந்த இளைஞனின் முகத்தைக் காட்டிக் கூட்டத்தின் துயரத்தை வெறியாக மாற்றுகிறான். அண்ணனுக்குத் தம்பி மேல் இருந்த பாசத்தைவிட அந்தச் சாவினால் கிடைக்கும் பயன் பெரிதாக இருக்கிறது. அந்த உரையைத் தொலைவில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து கேட்கும் ஷார் அஸ்னபிள்தான் கார்மாவைச் சாகவிட்டவன். டைக்கனின் மகனான அவன் பெயரை மாற்றிக்கொண்டு, தந்தையின் ஆட்சியைப் பறித்த குடும்பத்தைப் பழிவாங்க அதே குடும்பத்தின் படையில் சேர்ந்திருக்கிறான்.

ஆனால் கூட்டமைப்பையும் இந்தத் தொடர் நல்லவர்களாகக் காட்டவில்லை. அதன் தளபதிகள் அமேசான் காட்டுக்கடியில் குகைக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு, அகதிச் சிறுவர்கள் ஓட்டும் ஒயிட் பேஸ் கப்பலை எதிரியின் கவனத்தை ஈர்க்கும் தூண்டிலாக அனுப்புகிறார்கள். ஜியோன் பக்கத்திலோ, தன்னை நம்பிவந்த வீரர்களின் குடும்பங்களுக்காகச் சண்டையிடும் ராம்பா ராலைப் போன்ற மனிதர்கள் இருக்கிறார்கள். அதற்காக இரு தரப்பும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. பாதி மனித குலத்தைக் கொன்ற போரை யார் தொடங்கினார்கள் என்பதைத் தொடர் மறைக்கவில்லை. ஜியோன் மக்களின் குறை உண்மையானது, ஜியோன் அரசின் செயல் மன்னிக்க முடியாதது. இரண்டையும் ஒருசேர மனதில் வைத்திருக்கும்படி பார்ப்பவரிடம் கேட்கிறது.

அமுரோ எப்படிப்பட்ட நாயகன்?

சண்டைக்கு ஆசைப்படாத, சாப்பிடக்கூட மறந்து இயந்திரங்களோடு உட்கார்ந்திருக்கும் பையன். சோர்ந்துபோகிறான், மறுக்கிறான், பத்தொன்பது வயதுக் கப்பல் தலைவன் பிரைட் நோவாவிடம் அறை வாங்குகிறான், ஒரு கட்டத்தில் கன்டத்தை எடுத்துக்கொண்டு கப்பலை விட்டே ஓடிவிடுகிறான். அன்றைய ரோபோ நாயகர்கள் அச்சமறியாதவர்களாக இருந்தபோது, அவன் அச்சத்தையும் கோபத்தையும் மறைக்காமல் காட்டினான்.

நடுநிலை நகரமான சைட் 6 பற்றி ரசிகர்கள் இவ்வளவு பேசுவது ஏன்?

33, 34-ஆம் எபிசோடுகளில் ஒயிட் பேஸ் சைட் 6-இல் நங்கூரமிடுகிறது. உள்ளே நுழைந்ததும் அந்நகரத்து ஆய்வாளர் வந்து பீரங்கிகளுக்கு முத்திரை ஒட்டுகிறார். முத்திரை கிழிந்தால் பெரும் அபராதம். ஜியோனின் கப்பல்களும் அதே துறைமுகத்துக்கு வந்துபோகலாம். வெளியே எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கொன்றுகொள்ளப் போகிறவர்கள், கோட்டுக்கு உள்ளே ஒருவரையொருவர் உரசிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறார்கள். எல்லைக்கு வெளியே நடக்கும் சண்டை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகிறது. போர் இந்த ஊர் மக்களுக்குப் பொழுதுபோக்கு, வணிகர்களுக்கு வருமானம்.

இங்கேதான் அமுரோ, இறந்துவிட்டதாக நினைத்த தன் தந்தையைத் தெருவில் காண்கிறான். விண்வெளியில் வீசப்பட்டபோது ஆக்சிஜன் குறைந்து அவருடைய மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது. பழைய சாமான்கள் நிறைந்த ஓர் அறையில் அவர் குடியிருக்கிறார். பூமியில் அம்மாவைப் பார்த்தேன் என்று மகன் சொல்கிறான். அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கன்டத்தின் திறனைப் பல மடங்கு உயர்த்திவிடும் என்று சொல்லி ஒரு மின்சுற்றுப் பலகையை அவன் கையில் திணித்து, சீக்கிரம் போய்ப் பொருத்து என்கிறார். அது காலாவதியான பொருள் என்பது அமுரோவுக்குப் பார்த்தவுடனே தெரிகிறது. தெருவுக்கு வந்ததும் அதைத் தரையில் ஓங்கி வீசிவிட்டு ஓடுகிறான். தந்தையும் மகனும் இயந்திரத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசிப் பழகாதவர்கள் என்பதும், இப்போது இயந்திரத்தைப் பற்றிக்கூடப் பேச முடியாமல் போய்விட்டது என்பதும் ஒரு சொல்லும் இல்லாமல் புரிந்துவிடுகின்றன.

அடுத்து மழை வருகிறது. காரில் போய்க்கொண்டிருந்த அமுரோ, மழைக்கான நேர அட்டவணையையாவது கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று அலுத்துக்கொள்கிறான். மழைகூட நகராட்சி திறந்துவிடும் குழாய்தான் என்பதை இதைவிடச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. ஒதுங்கிய ஏரிக்கரை வீட்டின் தாழ்வாரத்தில் நெற்றியில் பொட்டு வைத்த ஒரு பெண் அமர்ந்து, வீழும் பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள்தான் லாலா சூன். சற்று நேரத்தில் அமுரோவின் கார் சேற்றில் சிக்கிக்கொள்ள, எதிரே வந்த காரிலிருந்து இறங்கி அதை இழுத்துக் கொடுக்கும் ஜியோன் அதிகாரி வேறு யாருமல்ல, ஷார். முப்பது எபிசோடுகளாக இயந்திரத்துக்குள் இருந்து ஒருவரையொருவர் கொல்ல முயன்றவர்கள், நகராட்சி பெய்வித்த மழையில் நனைந்தபடி முதன்முறையாக நேருக்கு நேர் நிற்கிறார்கள். போர் அனிமே என்ற வகையில் இதற்கு இணையான ஒரு காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

நியூடைப் என்றால் என்ன?

விண்வெளியில் வாழ்ந்து பழகிய மனிதர், தொலைவையும் சொல்லையும் கடந்து ஒருவரையொருவர் உணரும் நிலையை எட்டுவர் என்பது டைக்கனின் எதிர்பார்ப்பு, அத்தகையவர்களே நியூடைப்கள். அமுரோவும் லாலாவும் அப்படிப்பட்டவர்கள். போர்க்களத்தில் அவர்கள் மனம் ஒருமுறை முழுமையாகத் திறந்துகொள்கிறது. அந்த நொடிக்குச் சற்றுப் பின், ஷாரைக் காக்கக் குறுக்கே பாய்ந்த லாலா, அமுரோவின் கையாலேயே சாகிறாள். இரண்டு படைகளுமே இந்த ஆற்றலைக் குறி தவறாத ஓட்டுநர்களைத் தயாரிக்கும் வழியாகத்தான் பார்க்கின்றன. சுவர்களால் பிரிக்கப்பட்ட நகரங்களின் கதையில், சுவரில்லாத ஒரு உறவுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள்.

சோலார் ரே என்ற ஆயுதத்தின் முக்கியத்துவம் என்ன?

தொடரின் முன்னுரையில் ஒரு காலனி எறிகல்லானது. இறுதியில் இன்னொரு காலனி பீரங்கிக் குழாய் ஆகிறது. மஹால் என்ற ஊரின் குடிமக்களை வெளியேற்றிவிட்டு, அந்த உருளை முழுவதையும் ஒரு லேசர் கருவியாக மாற்றுகிறான் கிரென். மக்கள் நடந்த தெருக்களும் விளைந்த நிலமும் இருந்த இடத்தில் இப்போது ஒளி பாய்கிறது. அந்த ஒளிக்கு இரையாவது கூட்டமைப்பின் கப்பற்படை மட்டுமல்ல. சமாதானம் பேச அங்கே போயிருந்த தந்தை டெகினும்தான் என்பதைத் தெரிந்தேதான் கிரென் சுட ஆணையிடுகிறான். பின் தங்கை கிஷிரியா அண்ணனைச் சுடுகிறாள், அவளை ஷார் சுடுகிறான். தன் ஊரையே ஆயுதமாக்கிய அரசு, குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை.

தொடர் பாதியில் நிறுத்தப்பட்டது உண்மையா?

52 எபிசோடுகளுக்குத் திட்டமிட்டு 43-இல் முடிக்கப்பட்டது உண்மை. அன்றைய ரோபோத் தொடர்கள் பொம்மை நிறுவனங்களின் பணத்தில் ஓடின. கன்டத்தின் முதன்மை விளம்பரதாரரான குளோவர் எதிர்பார்த்த பொம்மை விற்பனை நடக்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது. நாயக இயந்திரத்துக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பொம்மை நிறங்கள் வந்ததும், கதைக்குத் தேவையற்ற துணை விமானங்கள் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதும் அந்த நெருக்கடியின் தடங்கள். இதோடு யாசுஹிகோ பிற்பகுதியில் உடல்நலம் குன்றிப் படுத்துவிட, கடைசி எபிசோடுகளின் ஓவியம் அவர் கை இல்லாமலே முடிக்கப்பட்டது.

இருந்தும் முடிவு முடிவாகவே இருக்கிறது. ஒன்பது எபிசோடுகள் பறிபோன அவசரம் கடைசிப் பகுதியில் தெரியத்தான் செய்கிறது. நியூடைப் பற்றிய பகுதி இன்னும் மெதுவாக விரிந்திருக்க வேண்டியது. ஆனால் ஜியோனின் விண்வெளிக் கோட்டையான அ பாவோவா குவில் நடக்கும் இறுதிப் போரில், தோற்ற பக்கமும் வென்ற பக்கமும் ஒரே மாதிரிக் களைத்துச் சாகும் அந்த வேகத்துக்கு அவசரமே உதவியிருக்கிறது என்றும் தோன்றுகிறது.

பின் எப்படி இவ்வளவு புகழ் பெற்றது?

மறு ஒளிபரப்புகளாலும், ரசிகர்களின் விடாப்பிடியாலும், பிளாஸ்டிக்காலும். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 144-இல் ஒரு பங்கு அளவில் பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கன்டத்தின் பிளாஸ்டிக் மாதிரியை 300 யென் விலையில் வெளியிட்டது. சிறுவர்கள் கடைவாசலில் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். நாயகனின் இயந்திரத்தைப் போலவே எதிரியின் ஸாக்குவும் விரும்பி வாங்கப்பட்டது. இயந்திரங்களைப் படைக்கலமாகக் காட்டியதன் பயன் அது. தொடரைச் சுருக்கி, புதிய காட்சிகள் சேர்த்து, 1981 மார்ச், 1981 ஜூலை, 1982 மார்ச் மாதங்களில் மூன்று திரைப்படங்கள் வந்தன. முதல் படம் வெளியாகும் முன், 1981 பிப்ரவரி 22 அன்று தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தருகே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். அனிமேவின் புதிய நூற்றாண்டு என்று அன்று ஓர் அறிக்கையே வாசிக்கப்பட்டது.

தொடரைப் பார்ப்பதா, மூன்று படங்களைப் பார்ப்பதா?

நேரம் இருந்தால் தொடர். இல்லையென்றால் படங்கள். மூன்றாவது படத்தில் யாசுஹிகோ நலம் பெற்று வந்து பெரும்பகுதியைப் புதிதாக வரைந்தார். விண்வெளிப் போர்க் காட்சிகளின் அழகு தொடரைவிட அதில் பல மடங்கு கூடுதல். ஆனால் படங்கள் பெரிய சம்பவங்களையே பின்தொடர்வதால் சிறு மனிதர்களின் கதைகள் பலவும் விடுபட்டுப் போகின்றன அல்லது சுருங்கிப்போகின்றன. அந்தச் சிறு மனிதர்களில்தான் இந்தத் தொடரின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து.

ஓவியம் மிகப் பழையதாகத் தெரிகிறதே?

தெரியும். ஒரே காட்சித் துண்டு திரும்பத் திரும்ப வரும், சில எபிசோடுகளில் முகங்கள் கோணும். நான்கைந்து எபிசோடுகள் பொறுத்தால் கண் பழகிவிடும்.

15-ஆம் எபிசோடு சில பதிப்புகளில் ஏன் இல்லை?

குக்குருஸ் டோவான் என்ற ஜியோன் வீரன் படையை விட்டு ஓடி, போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளை ஒரு தீவில் வளர்க்கும் கதை அது. ஓவியத் தரம் மிகக் குறைந்துபோன அந்த எபிசோடை, தோமினோவின் விருப்பப்படி ஆங்கிலப் பதிப்பில் சேர்க்கவில்லை. 2001-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த பதிப்பிலும் அது இல்லை. கதை நல்ல கதை என்பதை மறக்காத யாசுஹிகோ, 2022-இல் அதையே ஒரு முழுநீளத் திரைப்படமாக இயக்கினார்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களோடு பார்க்கலாம். ஆனால் உடன் உட்கார்ந்து பாருங்கள். கோரமான காட்சிகள் அதிகமில்லை, சாவுகள் அதிகம்.

இதை முடித்தபின் எதைப் பார்ப்பது?

கதையின் நேரடித் தொடர்ச்சி 1985-இல் வந்தது. ஆனால் நகரங்களின் கதையாக இதைப் படித்தவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, 1989-இல் வெளியான, ஆறே எபிசோடுகள் கொண்ட, சைட் 6-இல் நடக்கும் குறுந்தொடரை. சட்டைப்பைக்குள்ளே போர் என்பது அதன் பெயரின் பொருள். போர் என்றால் ஆர்வத்தில் துள்ளும் ஒரு பள்ளிச் சிறுவனின் ஊருக்கே போர் வருகிறது.

ஒரே ஒரு எபிசோடு பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

13-ஆம் எபிசோடு. அமுரோ பூமியில் தன் பிறந்த ஊருக்குப் போகிறான். சிறு வயதில் தந்தை அவனை விண்வெளிக்கு அழைத்துச் சென்றபோது, போக மனமில்லாமல் பூமியிலேயே தங்கிவிட்ட தாயைத் தேடிப் போகிறான். வீட்டில் தன் தரப்புப் படைவீரர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள். தாய் ஓர் அகதி முகாமில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். ஜியோன் வீரர்கள் சோதனைக்கு வர, அமுரோ கட்டிலில் படுத்து நோயாளியைப் போல நடிக்கிறான். போர்வையை விலக்கக் கை நீட்டிய வீரனைப் போர்வைக்குள்ளிருந்தே சுடுகிறான். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்களே என்று தாய் பதறுகிறாள். இது போர் அம்மா, சுடாவிட்டால் நான் செத்திருப்பேன் என்கிறான் மகன். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. கடைசியில் கப்பல் புறப்படும் நேரத்தில் அவளிடம் ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று நாம் எதிர்பார்க்கும்போது, அவன் விறைப்பாக நின்று, ஒரு படைவீரன் மேலதிகாரிக்கு வைக்கும் வணக்கத்தைத் தன் தாய்க்கு வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். அவள் மண்ணில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள்.